மாலை நேரத்துக் கிறுகிறுப்பு: பேஸ்மேக்கர் வைத்த பெரியவரும் ஒரு காந்தப் பாயும் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெரியவருக்கு 71 வயது. முக்கூடல் பக்கம் ஒரு சின்ன ஊர். அரிசி ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மனைவி வீட்டில் பீடி சுற்றுகிறார். மகன் திருநெல்வேலியில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மருமகளும் நான்கு வயதுப் பேரனும் அதே வீட்டில்தான். நான் மின்பொறியியல் கற்பிப்பவன். மகனின் நண்பர் வழியாக இந்தக் குடும்பம் எனக்குப் பழக்கம். ஊர், மருத்துவமனை, பாய் விற்றவர்கள் என யாருடைய பெயரும் இதில் வராது. குடும்பத்தார் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பெரியவருக்கு இதயத்தின் மேலறையில் உண்டாகும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராத முழுத் தடை இருந்தது. நாடி நிமிடத்துக்கு 35 அளவில்தான் ஓடியது. காப்பீட்டுத் திட்டத்தில் இடது மார்பில் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். கீழறைக்கு ஒரே ஒரு கம்பி. நிமிடத்துக்கு 60-க்குக் கீழே துடிப்பு இறங்கினால் கருவி தானே துடிப்பைக் கொடுக்கும். இதயம் தானாகத் துடித்தால் கருவி சும்மா இருந்துவிடும். இந்த 'சும்மா இருப்பது' என்ற குணம்தான் பின்னால் பிரச்சினையாக வந்தது.

வைத்து ஏழெட்டு மாதம் நன்றாக இருந்தார். வயலுக்கு நடந்து போய் வந்தார். ஆனி மாதக் கடைசியில் மாலை நேரங்களில் தலை கிறுகிறுக்கத் தொடங்கியது.

குடும்பத்தார் கவனித்தவை

"ராத்திரி சாப்பாட்டுக்கு எந்திரிக்கும்போது அப்படியே செவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னுருதாவ. கண்ணு இருட்டுதுங்காவ. அரை மணி நேரத்துல சரியாயிருது" என்று மனைவி சொன்னார். காலையில் ஒரு நாளும் வந்ததில்லை.

முதலில் படுக்கையின் திசையை மாற்றினார்கள். வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்பது நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதானே. கட்டில் வடக்குப் பார்த்துத்தான் கிடந்தது. தெற்கே திருப்பிப் போட்டும் பலன் இல்லை.

அடுத்து டிரான்ஸ்பார்மர் மேல் சந்தேகம் வந்தது. வீட்டின் கிழக்குச் சுவரை ஒட்டிய சந்தில் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கித் தெருவுக்குக் கொடுப்பது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடும்போது அதன் உறுமல் கூடும். கிறுகிறுப்பு வருவதும் அதே நேரம். மகனிடம் இதற்கு மேலும் இரண்டு சான்றுகள் இருந்தன. ஒரு நாள் காற்றுக்கு மரக்கிளை விழுந்து ஃபியூஸ் போய், இரவு முழுக்கக் கரண்டு இல்லை. அன்று அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டில் போய்ச் சில நாள் தங்கினார். அங்கேயும் ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கியது.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்? டிரான்ஸ்பார்மர மாத்தச் சொல்லி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன்" என்றார். மனு எழுதியே வைத்திருந்தார். இப்படி இடம் மாற்றும் வேலைக்குக் கேட்பவர்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று ஊரில் சொன்னதால், மருமகளின் நகையை அடகு வைக்கவும் பேசி முடித்திருந்தார்கள். அவர் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டு இருந்தால் வருகிறது, இல்லாவிட்டால் வரவில்லை என்பது நல்ல கவனிப்பு. மின்சாரத்துக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதை அது காட்டியது. எந்த மின்சாரம் என்பதைத்தான் அது சொல்லவில்லை.

முதல் அளவீடு

மாலை ஏழு மணிக்கு மேல், உறுமல் உச்சத்தில் இருக்கும்போது காந்தப்புலமானியோடு போனேன். சந்தில், டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கு நேர் கீழே 4 மைக்ரோ டெஸ்லா (காந்தப்புலத்தை டெஸ்லாவில் அளப்பார்கள்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ டெஸ்லா). வீட்டுச் சுவருக்கு உள்பக்கம் 1-க்குக் கொஞ்சம் மேல். பெரியவரின் கட்டிலில் 0.3. ஓடும் மிக்சியிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்துக் காட்டினேன்: 5 வந்தது. மகன் முகத்தில் முதல் சந்தேகம் அப்போதுதான் தெரிந்தது.

வீட்டு மின்சாரத்தின் புலம் நொடிக்கு 50 தடவை மாறுவது (50 ஹெர்ட்ஸ்). அந்தப் புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு 1998-இல் 100 மைக்ரோ டெஸ்லா. 2010-இல் அதை 200 ஆக்கினார்கள். கட்டிலில் இருந்தது அதில் மிகச் சிறு பங்கு. ஆனால் அந்த அளவு கருவி பொருத்தாத உடலுக்கு வகுத்தது. பேஸ்மேக்கர் வைத்தவருக்குத் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தாழ் அதிர்வெண் காந்தப்புலம் உடலுக்குள் தடையில்லாமல் போகும். சதையும் எலும்பும் அதைத் தடுப்பதும் இல்லை, திருப்புவதும் இல்லை. புலம் மாறிக்கொண்டே இருந்தால் மட்டும், ஃபாரடே 1831-இல் கண்ட விதிப்படி, உடலுக்குள் ஒரு சிறு மின்புலம் தூண்டப்படும். புலம் எவ்வளவு பெரியது என்பதைவிட எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் கணக்கு. பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் 40 மைக்ரோ டெஸ்லா அளவில் இருக்கிறது; கட்டிலில் அளந்ததைப்போல நூறு மடங்குக்கு மேல். ஆனால் அது ஏறக்குறைய மாறாத புலம். அசையாமல் படுத்திருப்பவர் உடலில் அது எதையும் தூண்டாது. வடக்கே படுத்தாலும் தெற்கே படுத்தாலும் ஒன்றுதான். (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போவதால்தான் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. கோயில் சிற்பம் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.)

பேஸ்மேக்கர் கம்பி தோளுக்குக் கீழிருந்து இதயத்தின் அடிவரை வளைந்து போகிறது. அதுவும் கருவியின் உலோகக் கூடும் சேர்ந்து ஒரு வளையம். அந்த வளையத்தின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். கட்டிலில் இருந்த 0.3 மைக்ரோ டெஸ்லா அந்த வளையத்தில் உண்டாக்குவது 2 மைக்ரோவோல்ட். கருவி 'இது இதயத்துடிப்பு' என்று எடுத்துக்கொள்ள 2.5 மில்லிவோல்ட், அதாவது 2,500 மைக்ரோவோல்ட் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிரான்ஸ்பார்மர் காரணமாக இருக்க முடியாது என்று மகனிடம் உறுதியாகச் சொன்னேன்.

முதல் முடிவு: மனுவுக்கு முன்னால் கருவியின் பதிவு

இரண்டு வழி இருந்தது. மாலையில் வீட்டில் ஒவ்வொரு சாதனமாகப் போட்டும் அணைத்தும், பெரியவரை உட்கார வைத்துப் பார்ப்பது ஒன்று. அதை வேண்டாம் என்றேன். கருவியை நம்பித்தான் அவர் இதயம் ஓடுகிறது. சோதனை பலித்தால் அவர் மயங்கி விழுவார். ஒரு உயிரை வைத்து ஒத்திகை பார்க்கக் கூடாது.

மற்றது, கருவியையே கேட்பது. இப்போதைய பேஸ்மேக்கர்கள் பலவும் மிக வேகமான துடிப்பைக் கண்டால் நாள், நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, கம்பியில் தெரிந்த மின்வரைவு எல்லாவற்றையும் சேமித்து வைக்கும். மார்பின் மேல் ஒரு தலைக்கருவியை வைத்து வெளியிலிருந்தே படித்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும் பரிசோதனை அவருக்குத் தள்ளிப் போயிருந்தது. மனுவை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், முதலில் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மகனுக்கு மனமில்லை. பெரியவர்தான் "சார் சொல்லுதாருல்லா, பாத்துட்டு வந்துருவோம்ல" என்று முடித்து வைத்தார்.

பதிவில் தெரிந்தது

மூன்று வாரத்தில் பதினொரு பதிவு. எல்லாமே 'கீழறை அதிவேகத் துடிப்பு', நிமிடத்துக்கு 180. எல்லாமே மாலை ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவே. மின்வரைவைப் பெரிதாக்கிக் காட்டினார் தொழில்நுட்பர். ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், கூரான கோடுகள் வரிசையாக நின்றன. அவற்றின் ஊடே, அவற்றோடு எந்த ஒட்டும் இல்லாமல், அகலமான சொந்தத் துடிப்பு மெதுவாக 35 அளவில் போய்க்கொண்டிருந்தது. கருவியின் துடிப்பு ஒன்றுகூட இல்லை. கூரான கோடுகளை இதயம் என்று எண்ணி, அது ஓடுகிறதே என்று பேஸ்மேக்கர் சும்மா இருந்துவிட்டது.

இதய மருத்துவர் பார்த்ததும் வெளியிலிருந்து வந்த குறுக்கீடு என்றார். கம்பி முறிவாக இருந்தால் கோடுகள் இவ்வளவு ஒழுங்காக வராது. கை அசைக்கும்போதெல்லாம் வரும், மாலையில் மட்டும் வராது. கம்பியின் மின்தடையும் சரியாகவே இருந்தது.

மகன் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டு நீடித்த நேரங்களைப் படித்தார். 20 நிமிடம், 20, 20, 20. ஒரே ஒரு நாள் மட்டும் 40. டிரான்ஸ்பார்மர் சுமை இப்படி அளந்து வைத்த மாதிரி ஏறி இறங்காது. 20 நிமிடத்தில் தானாக அணையும் பொருள் வீட்டில் எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் பக்கத்தில் நின்ற அம்மாவின் குரல் கேட்டது: "மேக்னெட் பாயிதான் இருவது நிமிசத்துல நிக்கும்."

காந்தப் பாய்

வைகாசியில் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு இலவச முகாம் நடந்தது. முட்டுவலிக்குக் காந்த சிகிச்சை என்று தினமும் படுக்க வைத்து, கடைசி வாரத்தில் பாயைத் தவணைக்கு விற்றார்கள். பெரியவருக்கு நெடுநாளாக முட்டுவலி. மனைவி பீடிக் காசில் சேர்த்ததைக் கொடுத்து வாங்கினார். நான் முதல் தடவை போனபோது அது பீரோவுக்குப் பின்னால் சுருட்டி நின்றது. யாரும் அதைச் சொல்லவில்லை, மறைத்ததும் இல்லை. வீட்டில் உள்ள மின்சாதனங்களை நான் கேட்டேன். அவர்களுக்குப் பாய் மின்சாதனம் இல்லை, வைத்தியம்.

பழுப்பு ரெக்சின் பாய். உள்ளே சுமார் 25 சென்டிமீட்டர் அகலத்தில் கம்பிச்சுருள்கள். கையால் தடவினால் மேடு தட்டும். ஓரத்தில் மூன்று பொத்தான் உள்ள சின்னப் பெட்டி. ஓட விட்டால் காதை வைத்தால் கேட்கிற அளவுக்கு 'டிக் டிக்' என்று நொடிக்கு மூன்று தட்டல். பெரியவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அளந்தேன். என் புலமானி 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்றது. இப்படி விட்டு விட்டு வரும் துடிப்பைச் சரியாகக் காட்டாது. அதனால் கல்லூரியிலிருந்து, மாறும் புலத்தைப் பிடிக்கும் தேடுசுருளும் அதைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியும் கொண்டு போனேன். ஒவ்வொரு தட்டலிலும் புலம் 4 மில்லி விநாடியில் உச்சத்துக்கு ஏறியது. பாய் மேற்பரப்பில் 4 மில்லி டெஸ்லா, அதாவது 4,000 மைக்ரோ டெஸ்லா. சுருளுக்கு நேர் மேலே 15 சென்டிமீட்டர் உயரத்தில் 1 மில்லி டெஸ்லா. மல்லாந்து படுத்தால் பேஸ்மேக்கர் வளையம் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். வளையம் பாய்க்கு இணையாகக் கிடப்பதால் புலம் அதற்குள் நேராகப் புகும். தூண்டப்படும் மின்னழுத்தம் 5 மில்லிவோல்ட். கருவிக்குத் தேவையானதைப்போல இரண்டு மடங்கு.

புலத்தின் பலம் பாதிக் காரணம்தான். மீதி அதன் தாளம். 50 ஹெர்ட்ஸ் குறுக்கீடு பலமாக வந்தாலும் பேஸ்மேக்கர் பெரும்பாலும் சமாளித்துவிடும். நொடிக்கு ஐம்பது தடவை எந்த இதயமும் துடிக்காது. இது இரைச்சல் என்று புரிந்துகொண்டு, எதையும் கேட்காமல் 60-இல் துடிப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நொடிக்கு மூன்று என்பது நிமிடத்துக்கு 180. வேகமாக ஓடும் இதயத்துக்கு அது நடக்கக்கூடிய எண்ணிக்கைதான். வாசலில் வீட்டுக்காரர் மாதிரியே தட்டினால் கதவு திறக்கத்தானே செய்யும்.

வாங்கிய உடனே ஏன் வரவில்லை என்பதும் தெளிவானது. முதல் சில வாரம் பாயை முட்டுக்கு அடியில்தான் போட்டார். சுருளிலிருந்து மார்பு 85 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. தள்ளிப் போகப் போகச் சுருளின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும்: தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்கு. மார்பில் சில மைக்ரோ டெஸ்லாதான் எஞ்சும். ஆனிக் கடைசியில் முகாம்காரர் போனில், முதுகுக்கும் போட்டால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் என்றார். பாய் மேலே ஏறியது, கிறுகிறுப்பு தொடங்கியது. 40 நிமிடப் பதிவு எதனால் என்பதை மனைவி சொன்னார்: "அன்னைக்கு வலி பொறுக்க முடியலன்னு ரெண்டாந் தடவையும் அமுக்குனாவ." கரண்டு போன இரவில் பாயும் ஓடவில்லை, அம்பாசமுத்திரத்துக்குப் பாயைக் கொண்டு போகவில்லை. மகனின் இரண்டு சான்றும் பாய்க்கு அப்படியே பொருந்தின.

மகனுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "நானும் அதுல படுத்துருக்கேன் சார். ஒண்ணுமே தெரியலையே." தெரியாதுதான். அந்தப் பாய் ஒரு மனித உடலில் தூண்டும் மின்புலம் மீட்டருக்கு 0.05 வோல்ட் அளவு. நரம்பு தூண்டப்பட மீட்டருக்குச் சில வோல்ட் வேண்டும். 1985-இல் ஷெஃபீல்டில் தலைக்கு வெளியே சுருள் வைத்து மூளை நரம்பைத் தூண்டிக் காட்டினார்கள். அதற்கு டெஸ்லா கணக்கில் புலமும், மில்லி விநாடிக்கும் குறைவான ஏற்றமும் தேவைப்பட்டன. பாய் அவர் நரம்பைத் தொடவே இல்லை. அப்பாவின் உடலையும் தொடவில்லை. அப்பாவின் மார்புக்குள் கேட்டுக்கொண்டிருந்த கருவியைத்தான் ஏமாற்றியது. முகாமில் நல்ல உடம்புக்காரரைப் படுக்க வைத்து 'பாருங்க, ஒண்ணும் ஆகல' என்று காட்டுவது ஆபத்தாவது இதனால்தான்.

அடுத்த முடிவுகள்

பாயை வீட்டை விட்டே எடுத்துவிட்டார்கள். முட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாமா என்று பெரியவர் கேட்டார். கணக்குப்படி முட்டுக்கு அடியில் ஆபத்து குறைவுதான். ஆனாலும் வேண்டாம் என்றோம். தூக்கத்தில் புரண்டால் அரை மீட்டர் நகர்வது பெரிதே இல்லை.

மருத்துவர் கருவியின் உணரும் முறையை மாற்றினார். அதுவரை கம்பி நுனிக்கும் கருவிக் கூட்டுக்கும் இடையே உள்ள அழுத்தத்தைக் கருவி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கம்பியின் நுனியில் இரண்டு மின்முனைகள் உண்டு. அவை இரண்டுக்கும் இடையில் மட்டும் கேட்கும்படி மாற்றினார். வளையம் மிகச் சிறிதாகிவிடும். சொந்தத் துடிப்பு அந்த முறையிலும் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செய்தார். இரண்டு முனையில் கேட்கும் கருவியையும் பலமான புலம் ஏமாற்றக்கூடும் என்பதால், பாய் வேண்டாம் என்பதில் அவரும் தளரவில்லை.

முட்டுவலியை அப்படியே விட்டிருந்தால் இன்னொரு முகாமுக்குப் போயிருப்பார். தொடைத் தசைக்கான பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சியைப் பேரனை எண்ணச் சொல்லிச் செய்கிறார்.

பேரன் பற்றியும் மகன் கேட்டார். டிரான்ஸ்பார்மர் குழந்தைக்குக் கெடுதலா? இதற்கு ஒரு வரியில் பதில் இல்லை. அமெரிக்காவின் டென்வரில் வீட்டருகே போகும் மின்கம்பிகளையும் குழந்தைகளின் புற்றுநோயையும் ஒப்பிட்ட 1979 ஆய்விலிருந்து இந்தக் கேள்வி நிற்கிறது. 2000-இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டில் சராசரி 0.3, 0.4 மைக்ரோ டெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப்புற்று கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அதை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002 அறிக்கையில் தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை 'ஒருவேளை காரணமாகலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. புலம்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. எப்படி உண்டாக்கும் என்ற வழிமுறையும் தெரியவில்லை. பேரன் படுக்கும் மேற்கு அறையில் இரவு முழுக்கப் பதிந்த சராசரி 0.1-க்கும் கீழே. கிழக்குச் சுவரை ஒட்டிக் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள், அதற்குச் செலவில்லை என்று மட்டும் சொன்னேன். நகை அடகுக்குப் போகவில்லை. மனு பீரோவில் இருக்கிறது.

விளைவு

பாயை எடுத்த நாளிலிருந்து கிறுகிறுப்பு இல்லை. மூன்று மாதம் கழித்துக் கருவியைப் படித்தபோது அதிவேகத் துடிப்புப் பதிவு ஒன்றும் இல்லை. டிரான்ஸ்பார்மர் அதே இடத்தில், அதே உறுமலோடு நிற்கிறது.

பாய்க்காரர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கிறது என்றார்கள். போட்டிருந்தது உண்மை, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு விற்கும்போது அந்த வரியை வாயால் சொல்லியிருக்க வேண்டும். முகாமில் படுக்க வருகிறவரிடம் 'மாருல மிஷின் வெச்சிருக்கீங்களா' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

இனி மாறுபவை

மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் செல்போனும் ஸ்கேனும் மட்டும் இருந்தன. இப்போது தமிழில் இன்னும் சில வரிகள் சேர்த்திருக்கிறார்கள்: காந்தப் பாய், காந்த மெத்தை, துடிப்பு சிகிச்சைக் கருவி எதுவும் கூடாது, வெல்டிங் வேலைக்கு முன் மருத்துவரைக் கேட்கவும், இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டு அடி தள்ளி நிற்கவும். பரிசோதனைக்கு வருகிறவரிடம் 'கரண்டில் ஓடும் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்பதோடு 'வலிக்கு என்னென்ன செய்து பார்க்கிறீர்கள்' என்றும் கேட்கிறார்கள். நானும் வீடுகளுக்கு அளக்கப் போகும்போது இந்த இரண்டாவது கேள்வியையும் கேட்கிறேன்.

அதே முகாமுக்குப் போனவர்களைப் பெரியவரின் மனைவி ஒவ்வொரு வீடாகப் போய் விசாரித்தார். பீடிக் கடைக்குக் கட்டு கொடுக்கப் போகிற வழியெல்லாம் கேட்டிருக்கிறார். மூன்று தெரு தள்ளி ஒரு அம்மாவுக்கும் பேஸ்மேக்கர் இருந்தது. அவரும் தினமும் மாலையில் பாயில் படுத்துக்கொண்டிருந்தார், தலைச்சுற்றலுக்குத் தனியாக மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கருவியை அடுத்த வாரம் படிக்கிறார்கள்.